கையில் இரண்டு ஸ்டாப்வாட்ச், வாயில் ஒரு ஞானப்பல் குழி

வணக்கம் மக்களே! கன்னம் இன்னும் லேசாக வீங்கித்தான் இருக்கிறது, அதனால்தான் இப்படி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறேன். ஞானப்பல்லை எடுத்த கதையைப் போன வீடியோவிலேயே புலம்பித் தீர்த்துவிட்டேன், மறுபடியும் ஆரம்பிக்க மாட்டேன். இன்றைக்கு வேறு விஷயம். அறுவைக்குப் பிறகு வரும் வலிக்கு ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில், அதாவது கிளினிக்கல் ட்ரையலில், நான் சேர்ந்தேன். அதை வெளியில் சொன்னதிலிருந்து ஆளாளுக்கு ஒரே பாட்டு: "உன்னைச் சோதனை எலி ஆக்கிவிட்டார்களே!"

கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எலியிடம் யார் கையெழுத்து வாங்குகிறார்கள்? "போதும், நான் கிளம்புகிறேன்" என்று எலி எழுந்து போக முடியுமா? நான் போகலாம். எந்த நேரத்திலும், காரணம்கூடச் சொல்லாமல். போனாலும் வழக்கமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் கை வைக்கக் கூடாது என்பது விதி.

சரி, ஸ்டாப்வாட்சுக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை விழுங்கிய அந்த விநாடியே இரண்டு ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு என் கையில் கொடுத்தார்கள். வலி முதன்முதலாகக் கொஞ்சமாவது அசைவது போலத் தெரிந்தால் ஒன்றை நிறுத்த வேண்டும். "ஆமாம், இது எனக்கு உருப்படியான நிவாரணம்தான்" என்று தோன்றும்போது இரண்டாவதை நிறுத்த வேண்டும். பல் வலி ஆய்வுகளில் இது பழைய முறையாம். எனக்குத்தான் புதிது.

முதல் வாட்சில் சிக்கலே இல்லை. ஏதோ இறங்குகிறது என்று பட்டது, டக்கென்று அமுக்கிவிட்டேன். இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்தியது. எது உருப்படியான நிவாரணம்? வலி பாதியானால் போதுமா? பேச முடிந்தால் போதுமா? நர்ஸிடம் கேட்டேன். "அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது" என்றார். எவ்வளவு கெஞ்சினாலும் அதே பதில். அவர் சொன்னது சரிதான், அவர் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்தால் அது என் வலியாக இருக்காது. ஆனால் கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு "இப்போதா, இப்போதா" என்று உட்கார்ந்திருந்த அவஸ்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்து இரண்டு பக்கம் படித்த பிறகுதான், அவ்வளவு நேரம் தாடையை மறந்திருந்தேன் என்பதே உறைத்தது. அமுக்கினேன் பாருங்கள், ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி ஒரு சந்தோஷம்!

அட, நில்லுங்கள், அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டேன். பல்லை எடுத்தவுடனே மாத்திரையைக் கையில் தந்துவிட மாட்டார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேலை தீர்ந்து, வலி ஒரு அளவைத் தொட வேண்டும். மிதமான வலி என்பதற்குக் கீழே இருந்தால் ஆய்வில் இடமில்லை. 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, இந்த முனையில் "வலியே இல்லை", அந்த முனையில் "இதைவிட மோசமான வலி இருக்க முடியாது". நம் வலி எங்கே நிற்கிறதோ அங்கே குறுக்கே ஒரு கீறல் போட வேண்டும். வலி வரட்டும் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். கேட்க அபத்தமாக இருக்கிறது, ஆனால் காரணம் இருக்கிறது. வலியே இல்லாதவருக்கு மருந்து கொடுத்தாலும் ஒன்றுதான், வெறும் மாத்திரை கொடுத்தாலும் ஒன்றுதான், எது வேலை செய்தது என்று எதை வைத்துச் சொல்வது?

வெறும் மாத்திரை என்றால் உள்ளே மருந்தே இல்லாதது, அதாவது பிளாசிபோ. எனக்குக் கிடைத்தது மருந்தா பிளாசிபோவா என்று எனக்குத் தெரியாது. கொடுத்த நர்ஸுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. யாருக்கு எது என்ற ரகசியக் குறியீட்டை அவசரம் என்றால் மட்டும் திறந்து பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். "வெறும் மாத்திரையில் வலி குறைந்தால் அது பொய் வலிதானே?" என்று கேட்கும் மேதாவிகளுக்காகவே ஒன்று தேடி வைத்திருக்கிறேன். 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், அதுவும் இதே ஞானப்பல் எடுத்தவர்களை வைத்து. பிளாசிபோவில் வலி குறைந்தவர்களுக்கு நலோக்ஸோன் கொடுத்தபோது வலி மறுபடியும் அதிகமானது. நலோக்ஸோன் என்பது மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளின் வேலையைத் தடுப்பது. அப்படியானால் உடம்பே உள்ளுக்குள் அதே மாதிரியான தன் சொந்த வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொய் வலியாம், பொய் வலி!

அப்புறம் ஒப்புதல் படிவம். என்னை உங்களுக்குத் தெரியும், மிக்ஸியின் வாரண்டி அட்டையை வரி விடாமல் வாசித்துக்காட்டி உங்கள் பொறுமையைச் சோதித்தவள் நான். இதை விடுவேனா? பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். அதில் நான் முதலில் தேடியது ஒரே விஷயம்: வலி தாங்க முடியாமல் போனால் என்ன கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள்? ரெஸ்க்யூ மருந்து என்பார்கள். அது கேட்டவர்களுக்குக் கிடைக்க வேண்டும். எனக்கான படிவத்தில், முடிந்தவரை முதல் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் உடனே கேளுங்கள் என்று இருந்தது. இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். மற்ற சந்தேகங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வெறும் மாத்திரை? ஆய்வுக்கு ஆய்வு இது மாறும். சுசெட்ரிஜின் என்று ஒரு புது வலி மருந்து, 2025 ஜனவரி 30-இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதித்தது. ஓபியாய்டு இல்லை, வலியைக் கடத்தும் நரம்புகளில் சோடியம் உள்ளே போகும் ஒரு வகை வாயிலை மட்டும் அடைக்கிறது. கால் பெருவிரல் எலும்புப் புடைப்பை எடுத்தவர்களிடமும், வயிற்றில் அதிகப்படியான தோலையும் கொழுப்பையும் எடுக்க அறுவை செய்துகொண்டவர்களிடமும் தனித்தனியாகச் சோதித்தார்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அதில் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் பிளாசிபோ, ரெஸ்க்யூ மருந்தாக ஐபுப்ரோஃபென். முடிவு? பிளாசிபோவைவிட நன்றாக வேலை செய்தது. ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரையை மிஞ்சவில்லை. "அதிசய மருந்து" என்று கூவும் வீடியோக்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதே இல்லை. அந்த சானல்களை நான் பின்தொடர்வதை நிறுத்திவிட்டேன்.

பணம் தருவார்களா என்று கேட்பீர்கள். போக்குவரத்துச் செலவுக்கும் நேரத்துக்கும் தருவது உண்டு. ஆளை மயக்கும் அளவுக்குப் போகாமல் நெறிமுறைக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காக மட்டும் போகிறேன் என்றால் வேண்டாம் என்பேன். எல்லாரையும்விட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் போனாலும் வேண்டாம். நல்லதா இல்லையா என்று தெரியாததால்தானே சோதிக்கிறார்கள்?

ஐயோ, முக்கியமான ஒன்று! சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள், தலைவலிக்குப் போட்ட ஒற்றை மாத்திரை, மூலிகைப் பொடி, எல்லாம். முந்தின நாள் போட்ட வலி மாத்திரையை மறைத்தால் கணக்கு கெடுவதோடு, இரண்டு மருந்தும் உள்ளே மோதிக்கொள்ளலாம். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் போட்ட ஒரு அட்டை தருவார்கள், அதைப் பர்ஸில் வையுங்கள், அலமாரியில் வைக்காதீர்கள். சரி, வாய் வலிக்க ஆரம்பிக்கிறது, கேமராவை அணைக்கிறேன். தையல் பிரிக்கும் கதை அடுத்த வீடியோவில்.