பதினாறு மாதக் கர்ப்பமும் ஒரு பிழைதிருத்தப் பக்கமும்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் ஏற்றிவைத்து, இறங்க வழி தெரியாமல் செய்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகத் துறைப் பெரியோர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, எனக்குப் பிறகு பேச வேண்டியிருப்பதால் கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் அவர்களே, இந்த ஒலிபெருக்கியை இரண்டு முறை உயிர்ப்பித்துக் கொடுத்த தம்பி, வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, கால் நூற்றாண்டாக மிகுபுனைவு, அதாவது மாயமும் மந்திரமும் நிறைந்த ஃபேன்டசிக் கதைகள், எழுதுகிறவர் என்றார். அடுத்து எழுந்த செயலாளர் அவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் என்றார். இருவருக்கும் இடையில் மேடையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை; எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. இன்றைய தலைப்பே அதுதான். கதைக்குள் காலக்கணக்கு ஏன் உதைக்கிறது, உதைக்கும்போது வாசகர் என்ன செய்கிறார், எழுதியவர் என்ன செய்ய வேண்டும்.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது, காலவரிசைப் பிழை எப்படிப் பிறக்கிறது. இரண்டாவது, ஆசிரியர் வாசகரோடு எவ்வளவு தூரம் பேசலாம். மூன்றாவது, தொடரை முடிக்காமலே விட்டுவிடும் ஆசிரியரை வாசகர் என்ன செய்வது.

முதலாவதை என் வீட்டுக் குப்பையிலிருந்தே தொடங்குகிறேன். என் இரண்டாவது நாவலில் ஒரு ராணி வருகிறாள். திருமணமான மறுநாளே அரசன் போருக்குப் போய்விடுகிறான். நான்கு மாதம் கழித்து, அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கும் நேரத்தில், எதிரிப்படை வந்து கோட்டையைச் சூழ்கிறது. முற்றுகை ஓராண்டு நீடிக்கிறது. முற்றுகை விலகும் இரவில், இடி மின்னலுக்கு நடுவில், இளவரசன் பிறக்கிறான். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த இரவு எனக்கே கண் கலங்கியது. பதிப்பாளருக்கும் கலங்கியதாகச் சொன்னார். இரண்டு பேர் கலங்கினோமே தவிர, ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

புத்தகம் வந்து ஆறு மாதம் கழித்து ஒரு வாசிப்புக் கூட்டம். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்; பணிக்காலம் முழுக்கக் கால அட்டவணையோடு குடும்பம் நடத்தியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கையில் நீளமான கணக்கு நோட்டு. மிகவும் பணிவாகக் கேட்டார்: “ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். ராணியம்மா எத்தனை மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சி?”

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுத்தாளனுக்கு அது வருமா? “பெரியவரே, அது மாயம் விளையும் நாடு. அங்கே கர்ப்பம் பதினாறு மாதம்” என்றேன். கைதட்டல். வென்றுவிட்டோம் என்று தண்ணீர்க் குவளையை எடுத்தேன்.

பெரியவர் உட்காரவில்லை. நோட்டைப் புரட்டினார். “சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். முற்றுகை தொடங்கிய வாரத்தில் ராணியின் பணிப்பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறதே. அவள் முற்றுகை முடிவதற்குள் பெற்றுவிடுகிறாள். மாயம் ராணிக்கு மட்டும்தானா?”

குவளை என் கையிலேயே இருந்தது. தலைமை தாங்கியவர் மேசையைத் தட்டிச் சிரித்ததில் மலர்க்கொத்து கீழே விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து. அத்தியாயம், நாள், பருவம், நிலவு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஐந்து பத்தி. ஒரு குதிரை வீரன் வடக்கு வாசலிலிருந்து கிளம்பி மலைக்கோட்டைக்குப் போக என் கதையில் ஒருமுறை ஒன்பது நாள் ஆகிறது, இன்னொருமுறை ஒரே இரவில் போய்விடுகிறான். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால், ‘எக்ஸ்பிரஸ்?’ என்று எழுதியிருந்தார். என் நாவலை என்னைவிட அன்போடு படித்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் பதிப்பில் திருத்தினேன். பெரிய மூளைதான், ஓராண்டு முற்றுகையை ஐந்து மாதம் ஆக்கினேன். நாலும் ஐந்தும் ஒன்பது, கணக்கு சரி. யாருக்கும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் அச்சுக்குப் போய்விட்டது. பத்து நாளில் ஒரு தபால் அட்டை வந்தது. ஒரே வரி: ‘திருத்தத்துக்கு நன்றி, ஆனால் இப்போது பணிப்பெண் நாலரை மாதத்தில் பெறுகிறாள்.’

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். யானைக்கும் அடி சறுக்கும். நான் யானையும் இல்லை. எனக்கு அன்று நாலு காலும் சறுக்கியது.

இன்னொரு விபரீதமும் நடந்தது. இரண்டு வாசகர்களுக்குள் முற்றுகை எத்தனை நாள் என்று சண்டை. ஒருவர் ஓராண்டு என்கிறார், மற்றவர் ஐந்து மாதம் என்கிறார். இருவர் கையிலும் என் புத்தகம், இருவரும் பக்க எண்ணைக் காட்டுகிறார்கள், இருவர் சொல்வதும் உண்மை. ஒருவரிடம் முதற்பதிப்பு, மற்றவரிடம் இரண்டாம் பதிப்பு. அந்த நட்பைக் கெடுத்தது என் பிழையன்று. பிழையை நான் மறைத்ததுதான்.

பறக்கும் நாகத்தை நம்புகிறவர் பத்து நாள் கணக்கை ஏன் நம்ப மறுக்கிறார் என்று சிலர் கேட்பார்கள். அதனால்தான் மறுக்கிறார். நாகம் பறக்கும் என்பது ஆசிரியர் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிய கடன். அந்தக் கடனைக் கொடுத்தவர், மற்றக் கணக்கெல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தானே செய்வார்?

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1944இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தன் கதையில் நிலா செய்யக்கூடாததையெல்லாம் செய்கிறது, நாட்டின் ஒரு பகுதியில் உதிக்கும்போதே இன்னொரு பகுதியில் மறைகிறது என்று புலம்புகிறார். பிறகு உட்கார்ந்து அத்தியாயங்களைத் திருத்தினார். ரௌலிங்கின் ஹாரி பாட்டர் தொடரில், முதல் நாவலில் ஓர் ஆவி, தான் சாப்பிட்டு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டதாகச் சொல்கிறது. அடுத்த நாவலில் அதே ஆவி ஐந்நூறாவது இறந்தநாளைக் கொண்டாடுகிறது. கேக்கின் மேல் 1492 என்று ஆண்டே இருக்கிறது. அந்த ஒரு கேக்கை வைத்துத்தான் வாசகர்கள் தொடர் முழுவதற்கும் ஆண்டு கணித்தார்கள். கணித்த பிறகு வந்தது வினை. கதை தொடங்கும் நாள் 1981 நவம்பர் 1 என்று ஆகிறது. நூலில் அது செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை. நான்காம் நாவலில் 1994 கோடையிலேயே ஒரு பையன் தன் பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே எறிகிறான். அந்தக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே அந்த ஆண்டு டிசம்பரில்தான்! கடையில் வைப்பதற்கு முன்பே எறிந்துவிட்டான், கெட்டிக்காரன்.

ஒரு தொடரைப் பத்து, இருபது ஆண்டுகள் எழுதும்போது இது நடக்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் தன் தொடரின் நடுவில் ஐந்தாண்டு இடைவெளி விட்டுக் குழந்தைப் பாத்திரங்களை வளரவிட நினைத்தார். எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை, கைவிட்டார். குழந்தைகள் குழந்தைகளாகவே நின்றுவிட்டார்கள். அவருடைய குதிரை ஒன்று ஒரு நூலில் ஆணாகவும் இன்னொன்றில் பெண்ணாகவும் இருந்ததை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அவர் செய்த நல்ல காரியம் இன்னொன்று. தன் உலகத்தைத் தன்னைவிடக் கறாராகக் கணக்கு வைத்திருந்த இரண்டு ரசிகர்களை, எலியோ கார்சியாவையும் லிண்டா ஆன்டன்சனையும், கூடவே உட்காரவைத்து அந்த உலகின் வரலாற்று நூலை எழுதினார். 2014இல் வெளிவந்தது, அட்டையில் மூன்று பெயரும் இருக்கின்றன. இன்னொரு மிகுபுனைவு எழுத்தாளர் பிரான்டன் சாண்டர்சன், கதையின் தொடர்ச்சி பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார். அவருடைய ஓர் உலகத்தில் ஆண்டுக்கு ஐந்நூறு நாள், வாரத்துக்கு ஐந்து நாள். என் ராணியைப் பெற்றவன் அங்கே போனால் என்ன ஆவான் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. நான் இந்த மேடைக்கு வந்த காரியம் வேறு.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும். நூலகத் துறைப் பெரியோர்களுக்குத் தெரியும், அவர்கள் தலையசைக்கிறார்கள், நன்றி. ‘பிழையும் திருத்தமும்’ என்று தலைப்பு. பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. அந்தப் பக்கம் எங்கே போயிற்று? கணினி வந்தது, பிழை இருந்தால் அடுத்த அச்சில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், பக்கம் போய்விட்டது. பிழை போகவில்லை. மின்னூல் வந்தபின் இன்னும் மோசம். நேற்றிரவு படித்த வரி இன்று காலையில் வேறாக இருக்கிறது. எனக்குத்தான் மறதியோ என்று வாசகர் தன்னைச் சந்தேகிக்கிறார்.

மிகுபுனைவுத் தொடர் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கம் திரும்ப வர வேண்டும். வெறும் எழுத்துப்பிழைக்கு இல்லை, காலப்பிழைக்கும். எந்தப் பதிப்பில் எது மாறியது, யார் கண்டு சொன்னார் என்று பெயரோடு வர வேண்டும். இதைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் போகிற மேடையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கூப்பிடும்போதே ‘பிழைதிருத்தம் வருகிறார்’ என்று சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. விழட்டும்.

இது ஒன்றும் புதிதில்லை. செர்வான்டெஸ் எழுதிய ஸ்பானிய நாவல் ‘டான் கிஹோட்டே’யின் முதற்பாகம் 1605இல் வந்தது. நாயகனின் பணியாள் சாஞ்சோவின் கழுதை திருட்டுப்போகிறது, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்கிறது. வாசகர்கள் விடவில்லை. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் செர்வான்டெஸ் கதாபாத்திரங்களையே அந்தக் கழுதையைப் பற்றிக் கேட்கவைக்கிறார். எழுதியவர் பிழையோ, அச்சிட்டவர் கவனக்குறைவோ என்று சாஞ்சோ கைவிரிக்கிறான். டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ நூலில், மோதிரம் கிடைத்த கதை பின்னால் வந்த பெரிய நாவலோடு ஒட்டவில்லை. 1951 பதிப்பில் அத்தியாயத்தையே மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல், பழைய வடிவம் அந்தப் பாத்திரம் சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார். பிழையே கதையாகிவிட்டது. எல்லாருக்கும் அது கைவராது, நமக்கு ஒரு பக்கம் போதும்.

நம் பக்கத்திலும் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்ததே! கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் முதற்செய்யுளைத் தொடங்கி, ‘திகட சக்கர’ என்றதுமே, சொற்கள் சேரும் இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்துவிட்டார் என்பது கதை. கச்சியப்பர் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று, வீரசோழியம் என்ற இலக்கண நூலிலிருந்து விதியைக் காட்டிய பிறகுதான் இரண்டாம் செய்யுளுக்குப் போக முடிந்தது. அந்த எழுந்து நின்றவர்தான் என் ரயில்வேக்காரர். கல்கி 1954இல் பொன்னியின் செல்வனை முடித்தபோது, அப்புறம் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் எழுதினார். பதில் நூலுக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள். அதனால்தான் இன்று வாங்குகிறவருக்கும் அது கிடைக்கிறது.

இரண்டாவது செய்தியையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வாசகரோடு பேசட்டும், சிரிக்கட்டும், ‘படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று மிகுபுனைவு எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டான் பாணியில் நழுவட்டும். ஆனால் பேட்டியில் சொன்ன திருத்தம் பேட்டியோடு காற்றில் போய்விடுகிறது. நூலில் ஏறாத பதில் பதிலே இல்லை. பேச்சைக் குறைத்து அந்த ஒரு பக்கத்தை அச்சிடுங்கள் என்கிறேன்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இது இரண்டாவது சீட்டு என்பதையும் சீட்டிலேயே எழுதியிருக்கிறார், காலவரிசையில் கறாரானவர். பதிப்பாளர்களுக்கு அனுப்பும் விண்ணப்பம் வாசலில் மேசைமேல் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். என் நாவலின் மூன்றாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. பணிப்பெண்ணின் கல்யாணத்தை முற்றுகைக்கு ஐந்து மாதம் முன்னால் தள்ளிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நான்கு பத்தி, ஐந்தாவதாகக் கண்டு சொன்னவர் பெயர். பதினேழு வரியில் பதினான்கு அந்தப் பெரியவருடையவை.

செயலாளர் அவர்களே, இந்த உரையை மலரில் அச்சிடும்போது அடியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ‘கால் நூற்றாண்டு’ என்பதையும் ‘முப்பத்தைந்து ஆண்டுகள்’ என்பதையும் ‘முப்பத்தோராண்டு’ என்று திருத்தி வாசிக்கவும். ‘மூன்று செய்திகள்’ என்பதை ‘ஒன்றரைச் செய்தி’ என்று திருத்தி வாசிக்கவும்.

வணக்கம்.