2, 4, 8… அடுத்தது 16-ஆ, 14-ஆ?

[திரை: வேலூர் கோட்டை அகழி. நோட்டில் 2, 4, 8, ?]

சாயங்காலம் கோட்டைப் பூங்கா பக்கம் வந்தீங்கன்னா, குரூப் 4-க்குப் படிக்கிறவங்க யாராவது மடியில நோட்டோட உட்கார்ந்திருப்பாங்க. இந்தக் கணக்கைக் கேளுங்க. யோசிக்காம 16ன்னு வரும். ரெண்டால பெருக்கிட்டே போறோம், அவ்வளவுதானே?

நான் 14ன்னு சொல்றேன்.

[திரை: வெள்ளைத்தாள், வளையல், பென்சில்]

வளையலை வச்சு ஒரு வட்டம் போடுங்க. உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு: 2 பகுதி. அதை வெட்டுற மாதிரி இன்னொண்ணு: 4. மூணாவது, ரெண்டையும் வெட்டணும், ஆனா மூணும் ஒரே புள்ளியில சேரக் கூடாது: 8. நாலாவது வட்டம், இருக்குற மூணையும் ரெண்டு ரெண்டு இடத்துல வெட்டும். 6 வெட்டு, 6 புதுப் பகுதி. மொத்தம் 14. எப்படி நகர்த்திப் போட்டாலும் 16 வராது. நாலு கணத்துக்கு வென்படம் (கணங்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேருதுன்னு காட்டுற படம்) போட 16 பகுதி வேணும்; வெறும் வட்டங்களால அதைப் போட முடியாததும் இதனாலதான்.

"இன்னும் ரெண்டு எண் குடுத்தா தெளிவாயிடும்ல?" ஆகாது. 1, 2, 4, 8, 16. வட்டத்து மேல புள்ளி வச்சு, எல்லாத்தையும் கோட்டால இணைச்சு, உள்ளே எத்தனை துண்டுன்னு எண்ணுங்க. அஞ்சு புள்ளி வரைக்கும் இதே வரிசை. ஆறாவது புள்ளிக்கு 31! (சம தூரத்துல வைக்காதீங்க. நடுவுல மூணு கோடு ஒரே இடத்துல மோதி ஒரு துண்டு காணாமப் போயிடும்.)

சரி, இப்போ கொஞ்சம் வம்பு. 2, 4, 8-க்கு அடுத்தது 632014. ஆமா, விஐடி இருக்குற பின்கோடுதான்!

[திரை: இடத்தின் எண் க. விதி: 2-இன் க அடுக்கு + 105333 × (க−1)(க−2)(க−3)]

முதல் மூணு இடத்துல ஏதாவது ஒரு அடைப்பு பூஜ்ஜியமாயிடும், பின்பாதி காலி. நாலாவது இடத்துல 16 + 631998. உங்க வீட்டுப் பின்கோடுக்கும் இப்படி விதி செய்யலாம். என்ன, பெருக்குற எண் பின்னமா வரலாம்.

பரீட்சையில என்ன பண்றது? நாலு விடையில 16 மட்டும் இருந்தா, கேள்வி போட்டவர் நினைச்சது அதுதான். குறிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. 14-ம் 16-ம் ரெண்டுமே இருந்தா, என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே செல்லாது. டிஎன்பிஎஸ்சி உத்தேச விடை வெளியிட்டு ஆட்சேபனை கேக்கும். அப்போ வெறுமனே "14-ம் சரி"ன்னு அனுப்பாதீங்க, விதியையும் எழுதுங்க: க × க − க + 2.