காசாளரும் தொலைபேசி இணைப்பாளரும்

அவையோர்க்கு வணக்கம். புதிய இயந்திரம் வந்தால் வேலை போகுமா என்ற கேள்வியை எழுப்புவதற்கு முன், ஒரு வேலை என்பது பல பணிகளின் தொகுப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இயந்திரம் பெரும்பாலும் வேலையை முழுதாகப் பறிப்பதில்லை. அதிலுள்ள சில பணிகளை மட்டுமே தன்வசமாக்கிக்கொள்கிறது.

வங்கிக் காசாளரைப் பாருங்கள். 1967இல் லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பணம் வழங்கும் தானியங்கி நிறுவப்பட்டபோது, நோட்டு எண்ணித் தருவோர் இனி எதற்கு என்று தோன்றியிருக்கும். அமெரிக்க நகரங்களில், 1988க்கும் 2004க்கும் இடையே, ஒரு கிளைக்குத் தேவையான காசாளர்கள் ஏறத்தாழ 20இலிருந்து 13ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன; மொத்தக் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை. மாறியது திறன்: விரைவாக எண்ணும் விரல்களைவிட, வாடிக்கையாளரின் தேவையறிந்து பேசும் நாவுக்கு மதிப்புக் கூடியது. இக்கதையை ஆறுதலுக்காகச் சொல்வோர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கைப்பேசி வழி வங்கிச் சேவை பரவியபின், 2010களில், அந்த எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது.

அழைப்புகளைக் கையால் இணைத்துத் தந்த தொலைபேசி இணைப்பாளர்களின் கதை வேறு. ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891இல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது ஊர் ஊராகப் பரவப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அமெரிக்காவில் இந்த மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அடுத்த தலைமுறை இளம்பெண்கள் தட்டச்சு, செயலர் பணி, உணவகம் என வேறு வேலைகளுக்குச் சென்றதையும், ஏற்கெனவே இணைப்பாளராக இருந்தவர்களில் பலர் பத்தாண்டுகளுக்குப் பிறகு வேலையின்றியோ, குறைந்த ஊதியத்திலோ இருந்ததையும் கண்டனர். மொத்தக் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இழந்தவரும் பெற்றவரும் ஒருவரல்லர்.

விதிமுறையாக எழுதிவிடக்கூடிய பணிகளைக் கணினி ஏற்கும், சிக்கலை ஆராய்ந்து தீர்க்கும் பணிகளில் மனிதருக்குத் துணைநிற்கும் என்று பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவருடன் இருவரும் 2003இல் வாதிட்டனர். எழுத்து, மொழிபெயர்ப்பு, நிரலாக்கம் ஆகியவற்றில் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கும் இந்நாளில் அந்த எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது இன்னொன்று. முதல் வரைவு எழுதுதல், ஆவணங்களைச் சரிபார்த்தல், சிறு பிழைகளைத் திருத்துதல் போன்ற பணிகளைச் செய்துதான் புதியவர் தேர்ந்தவராகிறார். அவையே இயந்திரத்திடம் முதலில் போகின்றன. தேர்ந்தவரின் தீர்ப்புக்கு ஊதியம் உயரும் அதே வேளையில், அத்தேர்ச்சிக்குரிய பயிற்சிக் களம் சுருங்குகிறது. ஊதியத்தோடு சேர்ந்து கிடைத்த அந்தப் பயிற்சிக்கு இனி யார் செலவழிப்பது என்று நிறுவனங்களும் கல்லூரிகளும் இன்னும் முடிவுசெய்யவில்லை.