32 பார்ல ஒரு ஐரிஷ் நடனம்: ‘வால்ஸ் ஆஃப் லிமெரிக்’ சொல்லிக்கொடுப்பது எப்படி?

[திரை: ரெண்டு ஜோடி, எதிரெதிரே]

ஐரிஷ் நடனம்னா பலருக்கும் ஞாபகம் வர்றது 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில அரங்கேறின ரிவர்டான்ஸ். அது வருஷக்கணக்குல பயிற்சி கேட்கும். கெய்லி அப்படி இல்ல, கூட்டமா கைகோத்து ஆடுறது. அந்தப் பேர்ல முதல் நிகழ்ச்சியை கேலிக் லீக்ங்கிற ஐரிஷ் மொழி, பண்பாட்டு அமைப்பு 1897-ல நடத்தினது லண்டன்லதான், அயர்லாந்துல இல்ல!

புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுக்க ஏத்தது வால்ஸ் ஆஃப் லிமெரிக். ஆனா காலை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி பாட்டைக் கேட்க வைங்க.

[ஒலி: ஃபிடில், மெதுவான ரீல்]

இது ரீல், ஐரிஷ் நடன மெட்டுல ஒரு வகை. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டுக்கு, நாலு எண்ணிக்கை. ஏ பகுதி 8 பார், அது ரெண்டு தடவை. பி பகுதி 8 பார், அதுவும் ரெண்டு தடவை. மொத்தம் 32. நடனமும் சரியா 32 பார்ல ஒரு சுற்று முடியும். மூணு பகுதி உள்ள ரீலை எடுத்தா 48 பார் ஆயிடும். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் போகும்.

தேவையான அடவு ரெண்டே ரெண்டு. த்ரீஸ்: ஒரு பார்ல மூணு அடி, நாலாவது எண்ணிக்கையில நிறுத்தம். செவன்ஸ்: ரெண்டு பார்ல பக்கவாட்டுல ஏழு அடி, எட்டுல நிறுத்தம்.

[திரை: பாதங்கள் மட்டும்]

வலப்பக்கம் போற செவன்ஸைப் பாருங்க. உடல் எடை வலது காலில். ஒண்ணுக்கு இடது கால் வலது காலுக்குப் பின்னால வரும். ரெண்டுக்கு வலது கால் பக்கத்துல நகரும். 3, 5, 7 எல்லாம் இடது கால் பின்னால. முடிஞ்சதும் ரெண்டு த்ரீஸ்: முதல்ல வலது கால் பின்னால, அடுத்து இடது. எடை இடது காலில் நிற்கும், இடப்பக்கம் திரும்பிப்போக வலது கால் தயார். இடறுறவங்க பெரும்பாலும் அடியை அகலமா வைக்கிறவங்கதான். ஒரு அடி ஒரு பாத நீளத்துக்கு மேல வேண்டாம். ரப்பர் அடி போட்ட ஷூ தரையைப் பிடிச்சுக்கும், திரும்பும்போது முழங்கால்தான் வாங்கும்.

இப்போ ஆட்டம். பெண், ஆணுக்கு வலப்பக்கம். உள்கைகளைத் தோள் உயரத்துல கோத்துக்கணும். முதல் 8 பார்: ரெண்டு த்ரீஸ் முன்னால, ரெண்டு பின்னால, திரும்ப அதே மாதிரி.

அடுத்த 8-ல இடமாற்றம். பெண்கள் இடப்பக்கமா செவன்ஸ் போட்டு எதிர்ப்பெண்ணோட இடத்துக்குப் போய், ரெண்டு த்ரீஸ்ல திரும்பி நிற்கணும். முகத்துக்கு முகம் பார்த்துத்தான் கடக்கணும். முதுகு காட்டினா மோதல்தான். அப்புறம் 4 பார் ஆண்கள், வலப்பக்கமா.

இங்கதான் ஒரு சிக்கல். வலது காலில ஆரம்பிச்ச 8 த்ரீஸ் முடியும்போது எல்லோருக்கும் எடை இடது காலில். பெண்களுக்கு அது வசதி. ஆண்களுக்கோ பின்னால போக வேண்டிய கால் அதேதான், எடையோட மாட்டிக்கிச்சு. அதனால காத்திருக்கிற 4 பாருக்குள்ள எடையை வலது காலுக்கு மாத்தச் சொல்லுங்க. இதைச் சொல்லாம விட்டா, ‘எனக்குத் தாளம் வராது’ன்னு ஒருத்தர் ஒதுங்கிடுவார்.

மூணாவது 8: எதிர்ல நிற்கிறவரோட வலக்கை பிடிச்சு, ஆணுக்கு இடப்பக்கமா செவன்ஸ், ரெண்டு த்ரீஸ், அதே வழியில திரும்பணும். கடைசி 8: சொந்த ஜோடியோட கையைக் குறுக்காகக் கோத்து த்ரீஸ்ல மற்ற ஜோடியைச் சுத்தி வந்து, அவங்களுக்கு முதுகு காட்டி நிற்கணும். இப்போ முன்னால புது ஜோடி.

[திரை: மேலிருந்து, நீள வரிசை]

வேகத்துக்கு வருவோம். தாளம் தட்டுற கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 80 டிக்ல வைங்க, ஒரு டிக்குக்கு ரெண்டு எண்ணிக்கை. ஒரு சுற்று 48 விநாடி. கால் தடுமாறாம வந்ததும் 110 வரைக்கும் ஏத்தலாம், அப்போ 35 விநாடி. வாசிக்கிறவங்க முதல் 8 பாரைச் சும்மா வாசிப்பாங்க, அப்போ யாரும் நகரக் கூடாது.

வரிசை ஓரத்துல எதிர்ஜோடி இல்லாம நிற்கிறவங்க ஒரு சுற்று, அதாவது முழு 32 பார், ஓய்வு எடுக்கணும். அதுக்குள்ள உள்பக்கம் திரும்பி, பெண் மறுபடி வலப்பக்கம் வந்திருக்கணும். நிறுத்தப்போறீங்கன்னா கடைசி சுற்றோட பி பகுதி ஆரம்பிக்கும்போதே வாசிக்கிறவங்களுக்குக் கை காட்டிடுங்க.