றீடயலை நம்பிய சின்னம்மா

வணக்கம் நேயர்களே. எங்கள் சின்னம்மா உப்புவெளியில் தனியாக இருக்கிறார். ஒரு மழை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஒருமாதிரி எழும்பி வந்து வீட்டுப் போனை எடுத்திருக்கிறார். கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. "றீடயலை அமத்தினா நீ எடுப்பாய் எண்டு நினைச்சன்" என்றார் பிறகு. மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். அன்று மாலை அவர் கடைசியாக எடுத்தது காஸ் கடைக்கு! நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சத்தம் கேட்டது.

றீடயலுக்கு ஆளைத் தெரியாது, கடைசியாக அமத்திய இலக்கங்களை மட்டும்தான் தெரியும். பேரப்பிள்ளை வந்து கூட்டாளிக்கு ஒரு கோல் எடுத்துவிட்டுப் போனாலே அது மாறிவிடும். காலையில் கிளினிக் லைன் பிசியாக இருக்கும்போது அதைப்போல உதவி வேறில்லை, அது உண்மை. ஆனால் றிசீவரைத் தூக்கியதும் அவசரப்படாமல், டயல் டோன் கேட்ட பிறகு அமத்துங்கள். முந்தினால் முதல் ஓரிரு இலக்கங்கள் விடுபட்டு வேறு யாரோ வீட்டில் மணி அடிக்கும். இன்னொன்று, சில போன்களில் வங்கியோடு பேசும்போது அமத்திய இரகசிய இலக்கமும் றீடயலில் சேர்ந்து நிற்கும். அப்படிப் பேசி முடித்தால் மறுபடி தூக்கி, ஏதாவது ஒரு இலக்கத்தை அமத்திவிட்டு வையுங்கள்.

ஆபத்துக்கு உதவுவது சேமித்து வைத்த இலக்கம்தான். பல போன்களில் றிசீவரைத் தூக்கி, ஸ்டோர் பொத்தானை அமத்தி, இலக்கத்தை அடித்து, கடைசியில் எம் 1 அல்லது எம் 2 என்ற பொத்தானை அமத்தவேண்டும். சிலதில் இந்த ஒழுங்கு மாறும், பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள். லண்டனில் இருக்கும் மகனுடைய இலக்கம் என்றால் 0044 போட்டு, அவருடைய இலக்கத்தின் முன் பூச்சியத்தை விட்டுவிடவேண்டும். சேமித்த கையோடு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அம்புலன்சின் 1990க்கு மட்டும் பரீட்சை வேண்டாம், அது நாலே இலக்கம், பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

பற்றரி போடும் போன் என்றால் அதையும் கவனியுங்கள். நம்முடைய கடற்காற்றுக்குப் பற்றரியின் முனைகள் பச்சை பிடிக்கும். சில போன்களில் பற்றரி செத்தால் சேமித்ததும் போய்விடும். பழைய செப்புக்கம்பி லைனில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும், அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வருகிறது. பைபர் லைன் என்றால் றவுட்டர் அணைந்ததும் போனும் ஊமை.

சின்னம்மாவின் போனில் இப்போது முதல் பொத்தானில் சிவப்பு டேப், அது நான். இரண்டாவதில் மஞ்சள், பக்கத்து வீட்டு அக்கா. மூன்றாவதில் யாரைப் போடுவது என்று கேட்டேன்.

"காஸ் கடையைப் போடு" என்றார்.