ஒரே வைன், மூணு கிளாஸ்: கேமராவுல சிக்கின அந்த வளையம்! (வாங்குறது, கழுவுறது, துடைக்கறது எல்லாம் உள்ள இருக்கு)

(மேசை மேல மூணு கிளாஸ். மூணுலயும் ஒரே அளவு வைன்.)

இந்த மூணுலயும் இருக்கறது ஒரே பாட்டில்ல இருந்து ஊத்தின வைன். ஒண்ணு வாய் குறுகின வைன் கிளாஸ், ஒண்ணு அகலமா விரிஞ்ச மார்ட்டினி கிளாஸ், இன்னொண்ணு நேரா நிக்கற சாதா கிளாஸ். மூக்கை வச்சுப் பாத்தா மூணும் மூணு விதமா இருக்கும். அதெல்லாம் மனப்பிரமைன்னு நெனைக்கிறவங்க ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க, இதை படமாவே புடிச்சுட்டாங்க.

அதுக்கு முன்னாடி பேரு மட்டும் வேகமா. வைன் நிக்கற வயிறு பௌல், புடிக்கிற தண்டு ஸ்டெம், அடித்தட்டு பேஸ், உதடு படற ஓரம் ரிம். முடிஞ்சுது.

இப்போ மேட்டருக்கு வருவோம். 2015ல டோக்கியோ மெடிக்கல் அண்ட் டென்டல் யுனிவர்சிட்டில கோஜி மித்சுபயாஷியோட டீம் என்ன பண்ணாங்கன்னா, என்சைம் (வேதிவினையைத் தூண்டுற புரதம்) ஏத்தின ஒரு சின்ன வலையை கிளாஸ் வாய் மேல வச்சு மூடி, கீழ இருந்து எழும்புற ஆல்கஹால் ஆவி எங்கெல்லாம் படுதோ அந்த எடம் ஒளிர்ற மாதிரி பண்ணி, அதை கேமராவுல எடுத்தாங்க. 13 டிகிரி செல்சியஸ்ல இருந்த வைனை வைன் கிளாஸ்ல ஊத்தினப்போ என்ன தெரிஞ்சுது தெரியுமா? வளையம்! ஆல்கஹால் ஆவி ரிம் ஓரமா வட்டம் கட்டி நிக்குது, நடுவுல கம்மியா இருக்கு. நாம மூக்கை எங்க கொண்டு போறோம்? அந்த நடுவுலதான். அப்போ மூக்குல சுர்ருன்னு ஏறுற நெடி ஓரத்துலயே நின்னுடுது, வைனோட சொந்த வாசனை தெளிவா வந்து சேருது. அதே 13 டிகிரி வைனை மார்ட்டினி கிளாஸ்லயும் நேர் கிளாஸ்லயும் ஊத்திப் பாத்தாங்க, வளையம் வரவே இல்ல.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அடுத்தது. அதே வைன் கிளாஸ்தான், ஆனா வைனை 25 டிகிரிக்கு கொண்டு போனா அந்த வளையம் காணாம போயிடுது! ஸ்டெம்மைப் புடிங்க, பௌலை உள்ளங்கையில ஏந்தாதீங்கன்னு சொல்றாங்கல்ல, அது ஸ்டைலுக்குன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. கை சூடு வைனுக்குப் போகக்கூடாது, அதுதான் விஷயம்.

சரி, சிவப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு, ஒவ்வொரு திராட்சை ரகத்துக்கும் ஒண்ணுன்னு அலமாரி முழுக்க வாங்கணுமா? என்னைக் கேட்டா வேண்டாம். இந்த வடிவம் வைனை நாக்குல இனிப்பு தெரியற எடத்துல கொண்டு போய் விடும்னு சொல்லி வித்த காலம் உண்டு. நாக்குல ஒவ்வொரு ருசிக்கும் ஒவ்வொரு எடம்னு சொல்ற அந்த நாக்கு மேப்பே தப்பு. 1901ல ஹேனிக்னு ஒரு ஜெர்மன்காரர் பண்ண ஆராய்ச்சியை பின்னாடி வந்தவங்க தப்பாப் புரிஞ்சுகிட்டதுல பரவினது அது. சந்தேகம்னா ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கோட ஓரத்துல வச்சுப் பாருங்க, இனிக்கும்.

ருசி பாக்கறதையே தொழிலா வச்சிருக்கறவங்களுக்குன்னு 1977ல ஒரு ஐஎஸ்ஓ (உலகத் தரநிர்ணய அமைப்பு) அளவு வந்துச்சு. மொத்தக் கொள்ளளவு 215 மில்லி, வயிறு 65 மில்லிமீட்டர், வாய் 46. சிவப்பு, வெள்ளை எல்லாத்துக்கும் அந்த ஒரே வடிவம்! அதனால வயிறு பெருத்து வாய் குறுகின ஒரே டைப்ல, உங்க கைக்கு அடக்கமா நாலோ ஆறோ வாங்குங்க, ரிம் மட்டும் மெல்லிசா இருக்கணும். விரலை வச்சு ரிம்மைச் சுத்தித் தடவிப் பாருங்க, உருண்டை விளிம்பு தட்டுப்பட்டா எடுக்காதீங்க.

பெருசா வாங்கலாமான்னு கேப்பீங்க. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டிக்காரங்க இங்கிலாந்துல கிடைச்ச கிளாஸ்களை அளந்து 2017ல வெளியிட்டாங்க: 1700கள்ல சராசரி 66 மில்லி, அவங்க அளந்த சமயத்துல 449 மில்லி. கிட்டத்தட்ட ஏழு மடங்கு! பெரிய கிளாஸ்ல வாசனைக்கு இடம் கிடைக்கும், அது நல்லதுதான், ஆனா வயிறு ரொம்ப அகலமா இருக்கற இடத்தோட ஊத்தறதை நிறுத்திடுங்க. பழைய ஈயம் கலந்த கிரிஸ்டல் கையில இருந்தா அதுல வைனை ஊத்தி நாள்கணக்கா வைக்காதீங்க, ஈயம் இறங்கும்.

இனி கழுவுறது. இதை ஸ்கிப் பண்ணாம பாருங்க ப்ளீஸ், கிளாஸ் போறதே இங்கதான்.

(கிளாஸையும் துணியையும் கையில எடுத்து)

இடது கை பேஸைப் புடிச்சிருக்கு, வலது கை துணியோட பௌலுக்குள்ள சுத்துது. ரெண்டு கையும் எதிரெதிர் பக்கம் திருகுது பாருங்க, அந்த முறுக்கு மொத்தமும் இந்தப் பென்சில் தண்டியளவு ஸ்டெம்ல போய் நிக்குது. டக்குனு ஒரு சத்தம், அடி கையில, தலை துணியில. எங்க வீட்ல ரெண்டு கிளாஸ் இப்படித்தான் போச்சு, கீழ விழுந்து ஒண்ணுகூட உடையல. பௌலைத் துடைக்கும்போது பௌலையே புடிங்க, பேஸைத் துடைக்கும்போது பேஸை மட்டும் புடிங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல தொடவே தொடாதீங்க.

தண்ணி வெதுவெதுப்பா இருந்தா போதும், சோப்பு ஒரு சொட்டு, வாசனை இல்லாததா பாத்து எடுத்து, நல்லா அலசிடுங்க. வெண்மை படிஞ்சிருந்தா வினிகர்ல ஊற வைங்க. போயிடுச்சுன்னா அது உப்புத்தண்ணிக் கறை, போகலைன்னா டிஷ்வாஷர் அந்தக் கண்ணாடியவே அரிச்சிருக்கு, அது திரும்பாது.

அலமாரியில கவுத்து வைக்காதீங்க. ரொம்ப மெல்லிசான ரிம்மு மேல மொத்த எடையும் நிக்கும், அது மட்டுமில்லாம பலகை வாசனை உள்ள அடைஞ்சுடும். இப்பவே எந்திரிச்சுப் போய் உங்க அலமாரியில இருந்து ஒரு காலி கிளாஸை எடுத்து மூக்கை உள்ள விட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்க. மரமா, அட்டைப்பெட்டியா, பழைய துணியா, சோப்பா, என்ன வாசனை வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன்.