பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒழுகிப் போன வலு

வணக்கம் உறவுகளே. எனக்குப் பின்னால் பொனற் திறந்தபடி நிற்பது 1972ஆம் ஆண்டு டட்சன் 240 இசட். இந்த உப்புவெளிக் கொட்டகையில் அதை நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் இதன் எல்24 எஞ்சின் 2393 சிசி கொள்ளளவு உடையது. இதன் வலுவைக் கூட்டுவதற்கு எதைப் பூட்டலாம் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். பெரிய காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி), ரேசிங் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டேர்போ என்று எதையும் வாங்குவதற்கு முன்னால், ஐம்பது வருடம் ஓடிய எஞ்சினில் வலு எந்தெந்த இடத்தால் ஒழுகிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தொழிற்சாலை சொன்ன 151 குதிரைவலுவையும் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். அது, எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, காரின் சைலன்சர் முதலான சுமைகள் இல்லாமல் அளந்த காலத்துக் கணக்கு. சக்கரத்தில் அந்த எண் எந்நாளும் கிடைத்ததில்லை.

நான் முதலில் செய்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்குகளையும் கழற்றி, அக்ஸிலரேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுற்றியபோது, ஐந்து சிலிண்டர்கள் 160 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவில் நிற்க, நாலாவது மட்டும் 120இல் நின்றுவிட்டது. பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடி சுற்றினேன், ஊசி அசையவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தை உயர்த்தியிருக்கும்; உயரவில்லை என்றால் சந்தேகம் வால்வின் மேல்தான் விழுகிறது. மேல்மூடியைத் திறந்து, கேமின் மூக்கு, வால்வை அழுத்தும் நெம்புகோலான ரொக்கரை விட்டு விலகி நிற்கும்படி திருப்பி, நாலாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தபோது மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சூட்டில் அங்கே 0.30 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். காற்று உள்ளே வரும் இன்ரேக் பக்கத்துக்கு 0.25 போதும். இடைவெளி இல்லாத வால்வு முழுதாக மூடாது. அப்படியே ஓடவிட்டிருந்தால் அதன் விளிம்பு எரிந்திருக்கும். 17 ஸ்பானரால் பூட்டு நட்டை இளக்கி, 14 ஸ்பானரால் ரொக்கர் தாங்கி நிற்கும் பிவற்றைத் திருப்பிச் சரிசெய்ததும் அந்தச் சிலிண்டர் 155 காட்டியது. ஒரு சதமும் செலவில்லை.

அடுத்து, ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, காபரேற்றரின் வாய்க்குள் காற்றை விடும் திரொட்டில் தகடு உண்மையில் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். என் காரில் தடித்த கால்விரிப்பும் தேய்ந்த இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து அதை முக்கால்வாசியில் நிறுத்தியிருந்தன.

ரைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பொறுத்தவரை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் பழைய கிறீஸில் இறுகிப்போனால், வேகம் கூடும்போது தீப்பொறி முன்னேறாது. துப்புரவாக்கிய பின் ரைமிங் லைற் பிடித்துப் பார்க்க வேண்டும். 95 ஒக்ரேன் பெற்றோல் தானாக வலு தருவதில்லை. தட்டுச் சத்தம் வராமல் ரைமிங்கைச் சற்று முன்னே வைக்க அது இடம் தருகிறது, அவ்வளவுதான்.

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது சூட்டை. எல்24இல் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கொதிக்கும் எக்ஸோஸ்ட் குழாய்க்கு நேர் மேலே இரண்டு காபரேற்றர்களும் உட்கார்ந்திருக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் வெளிக்காற்றே அனலாக இருக்கும்போது, பொனற்றுக்குக் கீழே என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள். சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பலர் தொழிற்சாலையின் காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த வடிகட்டியைப் பூட்டுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிறது, ஏனென்றால் அதன் பின் எஞ்சின் மூச்சுவிடுவது அந்த அனலைத்தான். நான் பெட்டியைத் திருப்பிப் பூட்டி, றேடியேற்றரின் முன்புறத்திலிருந்து அதன் வாய்க்கு ஒரு குழாய் இழுத்து, காபரேற்றர்களுக்குக் கீழே அலுமினியத் தகடு ஒன்றை மறைப்பாக வைத்தேன். குச்சவெளி வரை போய்த் திரும்பியதில், முன்னர் 58 பாகையாக இருந்த உட்காற்று 39 பாகைக்கு இறங்கியது. காற்றின் அடர்த்திக் கணக்குப்படி ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதலான காற்று உள்ளே போகிறது. நிலாவெளி தாண்டியதும் மூன்றாம் கியரில் அந்த இழுவையை முதுகில் உணர்ந்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் போதாது என்பவர்களுக்கு, என் கணிப்பில் கேமை விட நேர்மையான வழி கொள்ளளவைக் கூட்டுவதுதான். இதே குடும்பத்து எல்28 எஞ்சின் 86 மில்லிமீற்றர் போரும் (சிலிண்டரின் விட்டம்) 79 மில்லிமீற்றர் ஸ்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 2753 சிசி. இந்த உடம்புக்குள் பெரிய மாற்றமின்றி அமரும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் இருப்பதால், அதை முறைப்படி மாற்றி எழுதுவித்த பின்னரே வீதியில் இறக்க வேண்டும்.

நான் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு அந்த நாலாம் சிலிண்டரை உங்கள் முன்னாலேயே மறுபடி அளப்பேன். 155 அப்படியே நின்றால் வால்வு தப்பிவிட்டது, இறங்கியிருந்தால் வால்வுகள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றுகிறோம்.